ஒன்று புள்ளி எட்டு நொடி

மேல்விஷாரத்திலிருந்து அமீன் கூப்பிட்டபோது
பூத்துக்குள் இருந்தேன், செவிச் சோதனைக் கருவியைத் துடைத்துக்கொண்டு.
நாலங்குலக் கதவு அதற்கு.
காந்தி ரோட்டு ஹாரன்கூட
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரும்.

"டிஸ்க் வந்தாச்சு. ஆறாயிரத்து நானூறு.
இருபத்து நாலு பிட்,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ்.
மூல ஒலிநாடாவிலிருந்து நேராக எடுத்ததுன்னு
அட்டையிலேயே போட்டிருக்கான்."

ஷூ அப்பர் ஏற்றுமதி செய்கிறவன்.
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே
தோல் ஆட்டுடையதா, கன்றுடையதா,
வயிறா, முதுகா, சொல்லிவிடுவான்.
அட்டையைத் தடவிப் பார்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கத்திரி வெயில்.
சத்தம் வருமென்று ஏ.சி.யை அணைத்தான்.
பிறகு மின்விசிறியையும்.
இந்த ஊரில் ஒருவன் இசைக்காகச் செய்யக்கூடியது
இதற்குமேல் ஒன்றுமில்லை.

பள்ளிகொண்டா கன்னியப்பனின் கிளாரினெட்.
கரகரப்பிரியா.
ரீடு நனைவது கேட்டது.
மேல் ஷட்ஜத்துக்கு முன்
அவர் மூச்சைத் திருடுகிற இடம் கேட்டது.
அமீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பெண் பார்க்க வந்தவர்களை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல.

பிறகு ஒரு டிக்.
எண்ணெயில் முதல் கடுகு வெடிப்பதுபோல், அவ்வளவுதான்.
மறுபடி டிக்.
மறுபடி.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்து டிக்குக்குப் பதினெட்டு நொடி.

"அமீன், நாடாவுக்கு ஏதுடா சுற்று?
போனால் போனதுதான் அது.
ஒன்று புள்ளி எட்டு நொடிக்கு ஒருதரம்
அதே இடத்துக்குத் திரும்பி வருவது இசைத்தட்டு.
நிமிடத்துக்கு முப்பத்து மூணு சொச்சம். வகுத்துப் பார்.
மூல நாடாவை இவங்க கண்ணாலகூடப் பார்த்திருக்க மாட்டாங்க.
யாரோ ஒருத்தர் வீட்டில் தேய்ந்த தட்டு இது."

வகுத்துப் பார்த்தான். கழுத்து வியர்வை சட்டைக்குள் இறங்கியது.
"அப்போ நூற்றுத் தொண்ணூற்றிரண்டு?"

இருக்கிறது. பொய்யில்லை.
கீறலுக்கும் அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அதன் இரண்டு கரையும் துல்லியமாகத் தெரிகிறது.
பாலாற்றுக்கு எத்தனை கண் வைத்துப் பாலம் கட்டினால் என்ன,
ஓடுவதுதானே ஓடும்.

சட்டியில் இருந்தால்தானே என்று ஆரம்பித்தேன்.
"அகப்பையே ஆறாயிரத்து நானூறுடா" என்றான்.

அலமாரிக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தான்.
லாங் பஜாரில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய சாதாரண சி.டி.
ஆற்காட்டில் ஒரு கல்யாணம், அதே கன்னியப்பன்.
பதினாறு பிட்தான்.
பந்திக்குக் கூப்பிடுகிற குரல், ஒரு குழந்தையின் இருமல்,
எல்லாம் இருந்தன.
ஆனால் மைக் அவர் எதிரில் இருந்திருக்கிறது.
அமீன் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டான்.
அப்போதும் கேட்டது.

திங்கட்கிழமை, மால்டாவிலிருந்து பிரதுல் மண்டல்.
ரயிலில் இரண்டு ராத்திரி, காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ.
பழைய ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.
வழியில் கசங்கக்கூடாதென்று
லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.
பளபளவென்று ஜன்னலைக் காட்டியது.

உள்ளே இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.
வலது காதின் சிவப்பு வட்டமும்
இடது காதின் நீலப் பெருக்கல் குறியும்
ஒரே சாம்பல் பொட்டாகியிருந்தன.
எந்தக் காது எந்தப் பக்கம் இறங்கியது
என்று அந்தத் தாளுக்கே தெரியாது.

நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஓரமாக வைத்தேன்.
அவரை பூத்துக்குள் உட்கார்த்தி
ஹெட்ஃபோனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தேன்.
ஷுன்லே டிபுன், கேட்டால் அழுத்துங்கள்,
இந்த ஊரில் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும் வங்காளம்.

கதவு சாத்தியாயிற்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் காத்திருந்தது.
ஆயிரம் ஹெர்ட்ஸுக்குத் திருப்பினேன்.
நாற்பது டெசிபல்.

அவர் அழுத்திவிட்டார்.

நான் இன்னும் எதையும் அனுப்பவில்லை.