ஆமாம் என்றேன்

ஹோய்மாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பெண்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"பணம் தராவிட்டால்
இந்தக் காட்டை வெட்டுவீர்களா, மிஸ்டர் இசிங்கோமா?"

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது.
வெட்டியிருக்க மாட்டேன்.
ரம்பம் வாடகைக்கு எடுக்கக் காசில்லை,
இடது முழங்கால் வேறு, மழைக்கு முந்தின நாளே மழையைச் சொல்லும்,
எல்லாவற்றுக்கும் மேல் நான் சோம்பேறி.
ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
ஓடைக்கரையில் நிற்கும் ஒன்பது ஏக்கரும்
என் நல்ல மனதால் நிற்கவில்லை,
நாளைக்கு, நாளைக்கு என்று
நான் தள்ளிப்போட்டதால் நிற்கிறது.

அவள் பேனா
இரண்டு கட்டங்களுக்கு நடுவே
அந்தரத்தில் நின்றது.
ஆமாம், என்றேன்.
அடுத்த மாதமே. ரம்பக்காரனிடம் பேசியாகிவிட்டது.

நல்லது என்று புன்னகைத்தாள் கபாசிங்குசி.
மரம் வெட்டப் போகிறேன் என்றதற்கு
வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர்
என்னிடம் நல்லது என்கிறார்.

*

அப்பா காட்டைச் சரிபாதியாகப் பிரித்தார்.
எனக்குப் பின் பிறந்த கீசா
தன் பாதியைப் புகையிலைச் சூளையில் எரித்தான்.
அந்த நெருப்பில் மகள்கள் இருவர் நர்ஸ் ஆனார்கள்,
கூரைக்குத் தகரம் ஏறியது,
அம்மாவின் கண் ஆபரேஷனும் அதிலேதான்.
அவன் மரங்களால் பார்வை திரும்பி
அம்மா உட்கார்ந்து பார்த்ததெல்லாம்
என் மரங்களை.

சும்மா நின்றது என் பாதி.
சும்மா நிற்பதற்கு இப்போது
போனில் மணியடித்து வருகிறது சம்பளம்.

கீசா சண்டைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்:
"உன் வீட்டுக் குடித்தனக்காரர்கள்
நேற்று இரவும் என் சோளத்தைத் தின்றார்கள்.
வாடகை மட்டும் உனக்கா?"

சிம்பன்சிகளைச் சொல்கிறான்.
விடியலில் நானும் பார்த்தேன்.
ஒரு தாய், முதுகில் குட்டி,
கையில் இரண்டு கதிர்.
ஓடையைத் தாண்டி வீடு திரும்புகிறவளைப் போல
அவசரமில்லாமல் நடந்து
என் காட்டுக்குள் நுழைந்தாள்.

காவல் பரணுக்கு நான்கு கம்பு கேட்டான் தம்பி.
கம்பு தரக் கூடாது, காகிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
பணம் தந்தேன்.
ஆற்றுக்கு அப்பால் போய் வாங்கி வந்தான்.
சீட்டுக் குலுக்கியதில் பெயர் விழாத ஊர் அது.
அங்கே மரத்தை எண்ண யாரும் வருவதில்லை,
ரம்பம் மட்டும் வருகிறது.
கம்புகளை இறக்க நானும் கை கொடுத்தேன்.
வெட்டுவாயில் ஈரம் காயவில்லை,
சட்டையில் பிசின் ஒட்டியது.
அதை யாரிடம் கணக்குக் காட்டுவது?

*

மார்ச்சில் மறுபடி வந்தாள்.
டேப் பிடித்து, வெள்ளைப் பெயின்ட்டால் எண் போட்டு,
ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து அளந்தார்கள்.
உடன் நடந்தேன். பொழுதுபோகாமல்
விலையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்,
பலகையாக இவ்வளவு, கரியாக இவ்வளவு.
வளைவில் நிற்கும் கிழட்டு முவூலே
போன ஜூன் வரை முவூலே.
இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு.
அதன் அடியில் ஒன்றுக்குப் போகக்கூட
கூச்சமாக இருக்கிறது.

ஒப்பந்தம் இரண்டே வருடம்.
அதில் பதினான்கு மாதம் போய்விட்டது.
அதற்குப் பிறகு? என்றேன்.
நிதி வந்தால் பார்ப்போம் என்றாள்
ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே.

நேற்று சந்தையில் ரம்பக்காரன் துங்வாகோவைப் பார்த்தேன்.
ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவனிடம்
நானே போய்
ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டேன்.

சும்மாதான் கேட்டேன்.
முழங்கால் வலிக்கவே இல்லை.