நாற்பத்தொன்றாவது

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம்.
சேன் லூயிக்கு மேலே, பள்ளத்து விளிம்பில்
காதியாபுல்லேயின் பட்டி.
பூட்சை மருந்துத் தொட்டியில் முக்கிவிட்டு நுழைந்தேன்;
பக்கத்துப் பட்டியின் பொருக்கு
என் காலில் ஏறி வந்துவிடக் கூடாது.
உதிர்ந்த பொருக்கில் மாதக்கணக்காய்க் கிடக்கும் அது.

நாற்பது உருப்படிக்கு ஊசி ஆயிற்று.
ஐஸ் பெட்டியில் ஒரு டோஸ் மிச்சம்.
தனியே கட்டிய கறுப்புக் கிடாயை மறைத்து நின்றார்:
"இது காளிக்கு நேர்ந்தது.
உடம்பில் குத்து விழுந்தால் ஊனம்."

"ஆட்டம்மை வந்தால்?"

பதில் இல்லை.
மச்சினன் பட்டியில் நேற்று
பதினேழைப் புதைக்கக் கைகொடுத்தவர்;
நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு.

காதில் தொங்கிய மஞ்சள் வில்லையைக் காட்டினேன்:
"அரசாங்கம் முன்பே குத்திவிட்டதே, முசே."

காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எத்தனை நாள் கறி ஆகாது?"
"இருபத்தொன்று."
"பூசைக்குப் பன்னிரண்டுதான்."
விரல் மடக்கினார், கிரியோலில் ஏதோ திட்டினார்,
என்னையா அவளையா தெரியவில்லை.
பிறகு கொம்பைப் பிடித்துக்கொண்டு:
"போடு.
அம்மையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா."

கிடாய் ஒரு துள்ளுத் துள்ளி
என் பதிவேட்டைக் கடித்தது,
சரியாக
நாற்பத்தொன்று எழுத வேண்டிய மூலையில்.