முப்பது பாகை

மகனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து
கோணமானியை எடுத்து வந்தது நான்தான்.
நாளை கணக்கு வகுப்பில்
பெஞ்சின் மேல் நிற்பான்.
நிற்கட்டும்.

ஐந்தாம் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கும் பிடி
உடைந்து இரண்டு மாதம்.
எழுதிய கடிதத்துக்கு இன்னும் கால் முளைக்கவில்லை.
பழைய மெத்தையை மடித்து முதுகுக்குக் கொடுத்தோம்:
பதினெட்டு பாகை.
ஒரு தலையணை, இருபத்தாறு.
கம்பளியும் சேர, முப்பத்தொன்று.
போதும்.

மாரிக்கண்ணு, கோட்டூர்ப் பக்கம்.
அறுவடை மெஷின் விடிகாலை வருமென்று
களத்திலேயே படுத்தவர்.
கட்டுவிரியன் கடித்தது தெரியவில்லை.
விடியலில் இமை தூக்க வரவில்லை,
பிறகு எச்சில் விழுங்க வரவில்லை,
பிறகு மூச்சு.

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில்
இப்போது அவர் மூச்சு மெஷினுடையது.
அதைப் பற்றி எனக்குப் பயமில்லை,
மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உறுமும்.
பயமெல்லாம் வாயைப் பற்றி.

விழுங்காத எச்சில்
குழாயின் பலூனுக்கு மேல்
சத்தமில்லாமல் தேங்கி நிற்கிறது,
நெஞ்சுக்குள் இறங்க வழி பார்த்து.
இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை,
ஒரு வரப்பு போக
ஒரு நண்டு வளை போதும்.

உறிஞ்சி எடுக்கிறேன்.
பலூனின் காற்றை அளக்கிறேன், இருபத்தைந்து;
குறைந்தால் கசியும், கூடினால் உள்ளே புண்.
குழாயில் வியர்த்த நீரை வடித்த பிறகே
அவரைப் புரட்டுகிறோம்.
கை கழுவுகிறேன். மறுபடி கை கழுவுகிறேன்.
விரலிடுக்கில் தோல் உரிந்து
வீட்டில் புளி கரைத்தால் எரிகிறது.

கட்டுவிரியன் கண்ணை மூடும்,
காதை மூடாது.
அதனால் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே தொடுவேன்:
"அண்ணே, ஜெசிந்தா வந்திருக்கேன்,
பல்லு விளக்கணும்."
பிரஷ் அவர் மனைவி வாங்கி வந்தது,
பிள்ளைகளுக்கானது,
பிடியில் யானை சிரிக்கிறது.

அந்த வேம்புதான்
மாலையில் பார்க்க வந்தபோது
ஒரு தலையணையை உருவிவிட்டாள்.
"கழுத்து வலிக்கும் சிஸ்டர்,
மட்டமாப் படுத்துத்தான் அதுக்குப் பழக்கம்."
திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
பிறகு நகப்பூச்சால்
கோணமானியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு
அவள் கையிலேயே கொடுத்தேன்.
மறுநாள் நான் வரும்போது
அவள் டியூட்டி டாக்டரிடம்
தலையணை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் கட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
ஆடி மாதம், ஓர் இரவு,
எட்டுக் கட்டிலுக்கு நான் ஒருத்தி.
வாய் துடைக்காத இரண்டு வேளைக்கும்
தாளில் டிக் போட்டேன்.
நான்காம் நாள் குழாயில் மஞ்சள் சளி,
காய்ச்சல், நெஞ்சுப் படத்தில் வெள்ளை.
அதனால்தானா, தெரியாது.
யாரும் கேட்கவில்லை.
அந்த இரண்டு டிக்கும்
கட்டிவைத்த ஃபைலில் இன்னும் இருக்கின்றன.

ஆறாம் நாள் காலை
மயக்க மருந்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில்
மாரிக்கண்ணுவின் வலது பெருவிரல் அசைந்தது.
வேம்பு அதை ஈ என்று நினைத்து விரட்டினாள்.

எட்டாம் நாள் குழாயை எடுத்தோம்.
எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும்
நல்ல கறுப்பு.
உடைந்த குரலில் அவர் முதலில் சொன்னது
சாமி பெயரில்லை, மனைவி பெயரில்லை:
"அந்தக் கசப்புத் தண்ணிய
ராத்திரி பூரா வாயில தேச்சது யாரு?"

நான்தான் என்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோணமானியை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன்.
எண்கள்தான் அழிகின்றன,
சிவப்புக் கோடு போகவில்லை.
பையனுக்குப் புதிது வாங்க வேண்டும்.
ஐந்தாம் கட்டிலுக்கு
நீடாமங்கலத்திலிருந்து ஆள் கிளம்பியாயிற்றாம்.
மெத்தையை மடிக்கிறேன்.