தன்மை ஒருமை

ஃபர்வானியா. தையற்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
தூசிக்காற்று எழும்பி
பகல் பதினொன்றுக்கே தெருவிளக்கு எரிந்த வாரம்.
வட்டமாய்ப் போட்ட நாற்காலிகளில் நாங்கள்:
இரவுப்பணி முடிந்து நேராய் வந்த நர்ஸ் மரிவிக்,
கேட் காவலர் தில்பகதூர்,
வேன் ஓட்டும் ஷாஜகான்,
காப்பகத்துக்குச் சமைக்கும் யோகமலர்,
மொழிபெயர்க்க நான்.

முதல் நாள் முழுக்க நாற்காலி நகர்த்தினோம்.
வருகிறவள் கண்ணுக்குக் கதவு தெரிய வேண்டும்,
உங்கள் முதுகு அதை மறைக்கக் கூடாது
என்றாள் இஹ்சான், சூடான்காரி, எங்கள் பயிற்றுநர்.
கல்யாண மண்டபத்தில்கூட நான்
இத்தனை நாற்காலி இழுத்ததில்லை.

இரண்டாம் நாள் 'ஏன்' போயிற்று.
ஏன் முன்பே சொல்லவில்லை. ஏன் தாழ் போடவில்லை.
(அந்த அறைகளுக்கு உள்தாழ் கிடையாது.
வாசலோடு திரும்பும் ஷாஜகானுக்கே அது தெரியும்.)
இஹ்சானிடம் சொன்னேன்: எங்கள் மொழியில்
ஏன் என்பது பாதி நேரம் கேள்வியே இல்லை.
'ஏண்டி' என்றால் தீர்ப்பு எழுதியாயிற்று.
அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை ஒரு சொல்லுக்கு அலைந்தேன்.
அரபியில் நாஜியா என்கிறார்கள், பிழைத்துக் கரையேறியவள்.
எங்கள் படிவத்திலோ 'பாதிக்கப்பட்டவர்'.
பட்டவர். பட்ட காலிலே படும் என்று
யாரோ பின்னாலிருந்து முடித்துவைக்கக் காத்திருக்கும் சொல்.
தப்பியவள் என்று எழுதினேன்;
உள்ளே தப்பு உட்கார்ந்திருந்தது. அடித்தேன்.
மீண்டவள்?
பாஸ்போர்ட் இன்னும் அந்த வீட்டு அலமாரியில்,
எங்கே மீண்டாள்.
தில்பகதூர் எட்டிப் பார்த்து, தன் உடைந்த இந்தியில்
அவங்களுக்குப் பேர் இருக்குமே, என்றார்.

மூன்றாம் நாள்தான் என் பாடம்.
நாலு வருடமாய் 'அவள் சொல்கிறாள்' என்றே
சொல்லிவந்திருக்கிறேன்.
அரபிக்கு மாறிய பிறகும் மனசுக்குள் ஒரு 'ஆம்' ஒட்டியிருந்தது:
அடித்தார்களாம், பூட்டினார்களாம்.
அவள் நான் என்றால் நீயும் நான் என்று சொல்,
என்றாள் இஹ்சான்.
பள்ளிக்கூடத்தில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. தன்மை ஒருமை.

ஒத்திகைக்கு யோகமலர் கையில் ஓர் அட்டை.
கற்பனைப் பெண், கற்பனை வீடு, ஏழு வரி.
ஹட்டன் பக்கத்துத் தமிழில் வாசித்தாள்.
நான் 'அனா' என்றேன். அனா. மறுபடி அனா.
எட்டாவது வரி வந்தது.
துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டு இருந்துச்சு, என்றாள்.
அட்டை மடியில் கவிழ்ந்து கிடந்தது.
அதில நிமிஷம் குறைஞ்சுகொண்டே வரும். முப்பத்தெட்டு.
ஒவ்வொண்ணா எண்ணினேன்.

என் வாய் 'அவள்' பக்கம் ஓடப் பார்த்தது.
பிடித்து நிறுத்தினேன்.
அனா, என்றேன், நான் எண்ணினேன்.
ஏசி சொட்டும் வாளியின் சத்தம் கேட்டது.
மரிவிக் தன் கைகளின்மேல் தானே உட்கார்ந்திருந்தாள்,
தொடக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்
என்பது முதல் நாள் பாடம்.
இஹ்சான் பேனாவைக் கீழே வைத்தாள்.
தொடரலாமா, நிறுத்தலாமா, என்றாள், நீங்கள் சொல்வதுதான்.
அதைத் தமிழில் நான் கேட்க வேண்டியிருந்தது.
நீங்க சொல்றதுதான்.
சொல்லிப் பழகாத வாக்கியம், நாக்கில் இடறியது.

யோகமலர் கதவைப் பார்த்தாள். தெரிந்தது.
எழுந்து போகவில்லை.
தேத்தண்ணி இருக்கா, என்றாள்.

ஷாஜகான் பிளாஸ்கைத் திறந்து
மருந்தின் அளவு கேட்பவர்போல
சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.
ரெண்டு, என்றாள். கொஞ்சம் யோசித்து,
இல்லை, மூணு.

யாரும் கேட்காமலே
நான் அரபியில் சொன்னேன்:
எனக்கு மூன்று.