இரண்டாவது கோடு

இரத்த வங்கியின் சன்னல் ஒரு முழம் அகலம்.
எனக்குத் தெரிந்த பிரசவங்கள் எல்லாம்
அதன் வழியே நீண்ட கைகள்தாம்.

ஏப்ரல். சாம்பெசி கரையேறி
சமவெளி முழுக்கப் படுத்துக் கிடந்தது.
மோங்கு துறையில் படகு ஒதுங்கியதும்
நசிலேலேயைக் கதவுப் பலகையில் வைத்துத்
தூக்கி வந்தார்கள்.
முப்பத்து நான்கு வாரம்.
பிள்ளை புரளும்போதெல்லாம்
உள்ளே யாரோ பாய் சுருட்டுகிறார்கள் என்றாளாம்.
வழியில் மூன்று சுகாதார நிலையங்கள்
"குறுக்கே கிடக்கிறது, திரும்பிவிடும்" என்று
சீட்டு எழுதி அனுப்பியிருந்தன.

டாக்டர் ம்வாங்கெல்வா
ஸ்கேன் கருவியை இரண்டாம் முறை வைத்துப் பார்த்தார்.
பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.
ஒரு பக்கம் கருப்பை, கைப்பிடி பெரிது, காலி.
இன்னொரு பக்கம், குடல்களுக்கு நடுவே,
சுவர் எழும்பாத இடத்தில்
ஒரு முழுக் குழந்தை.

"எத்தனை பை?"
"இரண்டு."
"ஆறு கேட்டேனே."
பள்ளி விடுமுறை, டாக்டர்.
இந்த மாகாணத்துக்கு இரத்தம் தருவது
கணக்குப் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகள்.
ஊருக்குப் போய்விட்டார்கள்,
அதையும் உடம்போடு எடுத்துக்கொண்டு.

கணவன் லிஸ்வானிசோ சட்டைக்கையைச் சுருட்டினான்.
பி பிரிவு. சேராது என்றேன்.
நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வெகுநேரம் நீட்டியபடியே நின்றான்.
தோட்டக்காரர் முபிதா ஒரு பை.
சமையற்கட்டிலிருந்து, கையெல்லாம் மாவோடு, இனோங்கே ஒரு பை.
பிறகு இடக்கையை நர்ஸிடம் விட்டுவிட்டு
வலக்கையால் சீட்டு எழுதினேன்:
பை எண் ஐந்து.

மற்றது மயக்க மருந்து கொடுத்த சிதாலி சொன்னது.
குழந்தை சட்டென்று வந்துவிட்டது. பெண்.
தலை ஒரு பக்கம் சப்பை, வலப் பாதம் உள்நோக்கி மடங்கி,
நெருக்கடியான பேருந்தில் தூங்கி எழுந்ததுபோல்.
அழுதாள்.
அதன்பின்தான் பயம்.
குடலையும் பின்சுவரையும் கவ்விக்கொண்டு
நஞ்சு உட்கார்ந்திருந்தது.
நஞ்சு என்கிறோம்; எட்டு மாதம் ஊட்டியது அதுதான்,
கிடைத்த இடத்திலெல்லாம் கடன் வாங்கி.
பயிற்சி மருத்துவரின் விரல் அதன் பக்கம் போனது.
"தொடாதே."
பிடுங்கினால் இத்தனை வாயையும்
எந்தப் பஞ்சால் அடைப்பது?
கொடியை அடியோட்டிக் கட்டி, வெட்டி,
மிச்சத்தை அப்படியே உள்ளே விட்டு
வயிற்றை மூடினார் டாக்டர்.
அப்போதுதான் அவர் கை நடுங்கியது என்றான் சிதாலி,
கத்தி வைக்கும்போது அல்ல.

ஐந்தாவது பை திரும்பி வந்தது, சில்லென்று, சீல் உடையாமல்.
அந்தச் சன்னல் வழியே
அதைவிட நல்ல சேதி எனக்கு வந்ததில்லை.

பிறகு அவள் என் ஆளானாள்.
நடுவில் ஒருமுறை காய்ச்சல், பன்னிரண்டு நாள் ஊசி.
மற்றபடி பதினைந்து நாளுக்கொருமுறை
சின்னக் குப்பியில் சிறுநீர்.
பட்டையை நனைத்தால் இரண்டு கோடு.
மடியில் பிள்ளை பால் குடிக்கிறது;
கர்ப்பம் என்கிறது பட்டை.
புதிய எழுத்தர் பிழையென்று அடித்துவிட்டார்.
அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினேன்:
பாசிட்டிவ்.

ஜூனில் வெள்ளம் வடியத் தொடங்கியது.
நமூகோலோவின் பாதத்துக்கு நான்காவது மாவுக்கட்டு.
இரண்டாவது கோடு வெளுத்திருந்தது.
ஆகஸ்டில் அதைப் பார்க்க
பட்டையைக் கதவு வெளிச்சத்தில் சாய்க்க வேண்டியிருந்தது.

செப்டம்பரில் ஒன்றுதான்.
ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தேன்.
ஒன்றேதான்.

"போய்விட்டதா?"
"கட்டி இருக்கிறது, ஸ்கேனில் எலுமிச்சை அளவு.
இருக்கட்டும். அது இனி எதையும் கேட்காது."

கம்பி போட்டு இணைத்த குட்டிச் செருப்புகளால்
பிள்ளை என் சன்னல் கட்டையை
உதைத்துக்கொண்டே இருந்தாள்.
பட்டையைக் கேட்டாள் நசிலேலே.
நனைத்த பட்டை மஞ்சள் வாளிக்குப் போக வேண்டும்,
சுவரில் ஒட்டியிருக்கிறது விதி.
பதிவேட்டில் தேதி எழுதக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது
மேசையில் இல்லை அது.