லண்டன் ஒரு நாடு

செக்காலை ரோட்டில்
மாடியில் என் மேசை, கீழே கூரியர் கடை.
மேலே நான் எழுதும் பிழையைக்
கீழே ரம்ஜான் பேகம் வாய்விட்டுப் படிப்பாள்.

இருநூற்று நாற்பத்தொன்பது பெயர்கள்.
அரசிதழ் நடையில், ஒட்டும் உறவும் விடாமல்,
அகர வரிசையில் அடுக்கி
இறக்கிவிட்டேன் பட்டியலை.

முதல் நாளே
சீப்புச்சீடை நாலு கிலோ, லண்டனுக்கு.
"ல தட்டினா லட்வியா வருது சார்,
லாவோ மக்கள் சனநாயகக் குடியரசு வருது.
எதுல போட?"
லண்டன் நாடே இல்லை என்றேன்.
பணம் எண்ணிக்கொண்டிருந்த அடைக்கப்பன் நிமிர்ந்தார்:
"அப்ப எம்மகன் எங்க தம்பி இருக்கான்?"

பெரிய பிரித்தானியா மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்
கட்டத்துக்குள் அடங்காமல்
எடைப் பெட்டியின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது.

கொரியாவுக்குப் போன கைமுறுக்கு
சென்னையிலிருந்தே திரும்பிவிட்டது, மாவாக.
இரண்டு கொரியாவில் எதை அமுக்கினாய்?
"ஒண்ணு வெறும் குடியரசு.
இன்னொண்ணுல மக்களும் இருக்காங்க, சனநாயகமும் இருக்கு.
அதான் நல்ல கொரியான்னு நெனச்சேன்."

பர்மாவைத் தேடி அலுத்த வயிரவனிடம்
அது இப்போ மியன்மார் என்றேன்.
"பேரை அவங்கதானே மாத்துனாங்க,
நானா மாத்துனேன்?"

அன்றிரவு தரவுத்தளத்தின் அடிவரை இறங்கினேன்.
அங்கே எந்த நாட்டுக்கும் பெயர் இல்லை.
ஜிபி. கேஆர். எம்எம்.
மூனா ரூனா, லேனா சூனா என்று
எழுத்திரண்டில் ஆள் சொல்லும் ஊரில்
இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

இப்போது பர்மா என்றாலும் மியன்மார் வரும்.
ல-வுக்கு லண்டனே முதலில் வருகிறது;
லட்வியாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
ஒட்டும் சீட்டில் மட்டும்
முழுப்பெயர், பொடி எழுத்தில்.

தட்டியும் கிடைக்காத சொற்களைத் தனியே சேமிக்கிறேன்.
நேற்றைய கோப்பில், அனுப்புநரின் நாடு என்ற இடத்தில்,
மூன்று பேர் தட்டியிருக்கிறார்கள்:
செட்டிநாடு.

மாவட்டம் இல்லை. தாலுகா இல்லை.
ரயில் நிலையத்தில் ஒரு பலகை,
ஊர் ஊராய்க் கோழிக் குழம்பின் மேல் ஒரு பெயர்.
அழிக்கப் போன விரல் நின்றது.
சேர்த்துத்தான் பார்ப்போமே,
யார் கேட்கப்போகிறார்கள் இந்நேரத்தில்?

குறியீடு கேட்டது. இரண்டே எழுத்து.
சிஎன் என்று போட்டேன்.

சீனா வந்தது.