கொப்புளம் பார்ப்பவள்

பதினெட்டு வருடமாக
மாட்டின் நாக்கை வெளியே இழுத்துப் பார்ப்பது என் உத்தியோகம்.
நாக்கு, ஈறு, குளம்புப் பிளவு, மடிக்காம்பு.
தக்குவரெம்போவின் புல்வெளியில்
ஒரு கிடாரி கால் மாற்றி நிற்பதை
வேலிக்கு இப்பாலிருந்தே சொல்லிவிடுவேன்.
ஸுல்மாவின் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள் பண்ணைக்காரர்கள்,
பாதி மரியாதை, பாதி பயம்.

கோமாரி என்ற சொல்லை
அவர்கள் முன் நான் உரக்கச் சொல்வதில்லை.
சொன்னால் சந்தை மூடும், எல்லை மூடும்,
ஞாயிறன்று இறைச்சி சுட எவரும் அழைக்கமாட்டார்கள்.
ஒன்றை மட்டும் சலிக்காமல் சொல்வேன்:
கொப்புளம் புதிதாக இருக்கும்போதே கூப்பிடுங்கள்.
காய்ந்த பொருக்கு வாய் திறக்காது.

ஜூலையில்,
மூன்று நாள் குதிரைமேல் இருந்த பிறகு
எனக்கு எரிந்தது.
சேணம் உரசியது என்றேன்,
குளியலறைக் கண்ணாடியிடம்.
காய்ச்சல் வந்தது. தெற்குக் காற்று என்றேன்.
தொடை இடுக்கில் இருபுறமும் நெறி கட்டியது,
தொட்டால் உயிர் போனது.
அதையும் குதிரையின் தலையில் கட்டினேன்.
சிறுநீர் கழிக்கும்போது
குழாயைத் திறந்துவிட்டுப் பல்லைக் கடித்தேன்,
அடுத்த அறையில் லியாந்த்ரோ தூங்குகிறான்.
பாவம் அந்தக் குதிரை.

கைக்கண்ணாடி பிடித்துப் பார்க்காமல் இல்லை.
பார்த்தேன்.
சிவந்த திட்டின்மேல்
கடுகளவில் நாலைந்து, கொத்தாக,
உள்ளே தெளிந்த நீர்.
ஒரு பசுவிடம் கண்டிருந்தால்
கையுறை, குப்பி, தேதி, மணி.
என்னிடம் கண்டு
களிம்பு தடவி விளக்கை அணைத்தேன்.

உடைந்தன. புண்ணாயின.
பொருக்குத் தட்டின.
மூன்றாம் வாரம்
எதுவுமே நடக்காதது போல் தோல்.

அக்டோபரில் மறுபடி.
இம்முறை முன்னால் ஆள் அனுப்பியிருந்தது:
பிட்டத்திலிருந்து தொடை வழியே
மெல்லிய மின்சாரம்,
ஈரக் கையால் மின்வேலியைத் தொட்டதுபோல.
பிறகு அதே இடத்தில், அங்குலம் பிசகாமல், ஊறல்.
குதிரை ஏறி ஆறு வாரம் ஆகியிருந்தது.
பழி போட ஒருவரும் இல்லை.

காலையில் இரண்டே இரண்டு கொப்புளம்.
காய்ச்சல் இல்லை, நெறி இல்லை,
வேண்டுமானால் மறந்துவிடலாம், அவ்வளவு சிறியவை.
வண்டியை எடுத்தேன்.
நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
வழி நெடுக யூக்கலிப்டஸ், இருக்கையின் நுனியில் நான்.

மருத்துவர் நொயேமி பெரெய்ரா
பஞ்சுக்குச்சியை அடியில் வைத்து உருட்டினாள்.
வலித்தது.
அவள் கைப்பிடி சரிதான் என்று
உள்ளே ஒருத்தி மதிப்பெண் போட்டாள்.
"காய்வதற்கு முன் வந்தீர்கள், நல்லது" என்றாள்.
என் வாக்கியம்.
என்னிடமே.

ஹெர்ப்பிஸ்.
அக்கிக்குப் பங்காளி.
நரம்பின் வேரில் சுருண்டு படுத்திருக்குமாம்,
மாத்திரை விரட்டாது,
எழும் நாட்களைக் குறைக்கும்.
யாரிடமிருந்து என்றேன்.
போன வருடமாக இருக்கலாம்,
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம்,
கொப்புளமே காணாதவர்களிடமிருந்தும் வரலாம் என்றாள்.
மாடுகளுக்காவது காதில் எண் இருக்கிறது.

வீட்டில் லியாந்த்ரோ மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தான்.
ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல்.
இது குழலால் வருவதில்லை, கேட்டுவிட்டுத்தான் வந்தேன்,
இருந்தும் வாங்கக் கை தயங்கியது.
சொன்னேன்.
உரக்கவே சொன்னேன்.
அவன் கெட்டிலைக் கீழே வைத்தான்.

வெகு நேரம்.
நாய் ஒருமுறை உள்ளே வந்து வெளியே போனது.

"எனக்குக் குளிர்காலத்தில் ஒன்று வரும்" என்றான்,
மேசையைப் பார்த்தபடி.
"சவரக்கத்தி என்று நினைத்திருந்தேன்."

எந்த இடத்தில்,
எத்தனை நாள்,
முதலில் ஊறுமா, எரியுமா?
கேள்விகள் வரிசையில் வந்து நின்றன,
கிடைவாசலில் மாடுகள் போல.
பேனாவைத் தேடிய வலக்கையை
இடக்கையால் பிடித்துக்கொண்டேன்.